ஆகாய விமானிகளின் உத்தியோக வரலாறு

ஆகாய மார்க்கமாகப் பிரயாணஞ் செய்தல் இக்காலத்தில் யாவர்க்கும் பழகிய செய்தியேயாயினும், விமானஞ் செலுத்துதலையே ஜீவனோபாயமாகக் கொள்ளும் வழக்கம் நம் தேசத்தில் எங்ஙனம் ஏற்பட்டதென்பதைப் பலரும் அறியார். "பையன் விமானியாக வேண்டுமென்கிறான், அது நிலையான பிழைப்புத்தானா?" என்று நம்மவருள் பெற்றோர் பலர் வினவுகின்றனர். அவ்வினாவிற்குப் பழைய வரலாறே தக்க விடையளிக்கு மாதலின், அதனை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

1911-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் தேதி ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் அலகாபாத்திலிருந்து நைனிக்குத் தபால் மூட்டையைப் பறந்து கொண்டுசென்றார். அது ஒரு கண்காட்சியின் வேடிக்கையாய் நிகழ்ந்ததேயன்றி உத்தியோகமாகாது. பின்னர் முதல் உலக யுத்தத்தில் நம்மவர் சிலர் பிரிட்டிஷ் விமானப் படையிற் சேர்ந்தனர். அவருள் இந்திரலால் ராய் என்பார் 1918-ஆம் ஆண்டில் தமது பத்தொன்பதாம் வயதில் வானப் போரில் உயிர் நீத்தார். ஹர்தித் சிங் மாலிக் என்பாரோ உயிர் பிழைத்துத் திரும்பினார். திரும்பியவர் என் செய்தார்? ஐ.ஸி.எஸ். உத்தியோகத்திற் புகுந்து, பிற்காலத்தில் பிரான்ஸ் தேசத்துக்கு இந்தியத் தூதராயினார். போரிற் பறந்து புகழ்பெற்ற வீரர்க்கும் அந்நாளில் பறத்தலாற் கூலி தருவார் இலர் என்பது இதனால் விளங்கும்.

இந்நிலை மாறத் தொடங்கியது டில்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா முதலிய நகரங்களிற் பறக்குங் கழகங்கள் தோன்றிய பின்னரே. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா முதல் எண் இடப்பட்ட லைசென்ஸைப் பெற்றார். ஆயினும், அக்காலத்து 'ஏ' லைசென்ஸ் தன் மனமகிழ்ச்சிக்காகப் பறப்பவர்க்கு உரியது. கூலிக்குப் பறப்பவர்க்கு 'பி' லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பறந்த மணிகளும் மிகுதி, பரீக்ஷைகளும் கடுமை. முன்னது செல்வர்க்கு விளையாட்டு, பின்னதே தொழில். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே இவ்வரலாற்றின் சாரமாகும்.

1929-ஆம் ஆண்டில் ஆகாகான் அவர்கள், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாதத்துள் தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஐந்நூறு பவுன் பரிசளிப்பதாக அறிவித்தார். முயன்றவர் மூவர். மன்மோகன் சிங் என்பவர் பறந்து முடித்தும், குறித்த காலம் கடந்தமையாற் பரிசிழந்தார். ஏனைய இருவருள் டாட்டா கராச்சியினின்று மேற்கு நோக்கிப் புறப்பட, ஆஸ்பி இஞ்சினியர் என்னும் பதினேழு வயதுப் பிள்ளை இங்கிலாந்தினின்று கிழக்கு நோக்கி வந்தார். எகிப்து தேசத்தில் அபுகீர் என்னுமிடத்தில் இருவரும் சந்தித்தனர். இஞ்சினியரோ ஸ்பார்க் பிளக்குகள் கெட்டு மேற்செல்ல இயலாது தங்கியிருந்தார். டாட்டா தம்மிடம் உபரியாயிருந்தவற்றை எடுத்துக் கொடுத்தார். அவரும் கைம்மாறாகத் தமது மிதவைச் சட்டையை அளித்தார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு இஞ்சினியரைச் சேர்ந்தது. போட்டியிற் பகைவனுக்குப் படைக்கலம் ஈந்த இச்செயலைப் புராண காலத்ததென்று நினைப்பார்க்கு, இது நடந்தது மோட்டார் யுகத்திலேயே என்பதை நினைவூட்டுகின்றோம். பரிசு பெற்ற பிள்ளை பின்னர் இந்திய விமானப் படையிற் சேர்ந்து, 1960-ஆம் ஆண்டில் அதன் தலைமைப் பதவியை அடைந்தார்.

நிற்க. தபாலே இந்திய விமானிக்கு முதன்முதற் சம்பளம் அளித்ததென்னலாம். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி டாட்டா தாமே ஒரு சிறு பஸ் மாத் விமானத்தைச் செலுத்திக் கராச்சியினின்று ஆமதாபாத் வழியாய்ப் பம்பாய் ஜூஹூவை அடைந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் என்பவர் அத்தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். அவ்விமானத்தில் ரேடியோ இல்லை. இரவிற் பறத்தற்கு விளக்கும் இல்லை. ஜூஹூவின் இறங்குதளம் மழைக்காலத்தில் நீரில் ஆழ்ந்துவிடும். ஆமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தனவாம். ஆயினும் அச்சிறு கம்பெனி நிலைத்தது. ஹோமி பருச்சா போன்றார் அதிற் சம்பளம் பெறும் விமானிகளாயினர்.

இத்தொழிலின் அபாயத்தையும் மறைத்தல் தகாது. பி.டி. சர்மா என்பார் கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே தபால் விமானஞ் செலுத்திவந்தார். அவர்தம் மனைவி சரளா 1936-ஆம் ஆண்டில், இருபத்தோராம் வயதில், ஒரு பெண்மகவுக்குத் தாயாயிருந்த நிலையில், சேலை உடுத்தவாறே ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியே ஓட்டி லைசென்ஸ் பெற்றார். 1939-ஆம் ஆண்டில் சர்மா விமான விபத்தில் மாண்டார். அவ்வம்மையார் துயரத்திற் சோர்ந்து அடங்காது, 'பி' லைசென்ஸ் பெறும் பொருட்டு ஜோத்பூர் சென்றார். அந்தோ! இரண்டாம் உலக யுத்தம் மூண்டு அப்பயிற்சி நின்றது. அவர் லாகூருக்கு மீண்டு ஓவியம் பயின்று, பிற்காலத்தில் நகைகளுக்கும் ஆடைகளுக்கும் சித்திர வேலை அமைத்து வாழ்ந்தார். திறமையிற் குறைவில்லை, துணிவிற் குறைவில்லை. காலம் ஒன்றே உதவவில்லை.

அதே யுத்தம் பிறர்க்கு வாயில் திறந்தது. போர் முடிந்ததும் டகோட்டா விமானங்கள் மலிவாய்க் கிடைத்தன. படையிற் பயின்ற விமானிகளும் பலராயினர். ஆதலிற் கம்பெனிகள் மழைக்காளான் போல முளைத்தன. விமானியாகிய பிஜு பட்நாயக் கலிங்கா விமானக் கம்பெனியை நிறுவினார். 1947-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்ரீநகருக்குச் சேனையை ஏற்றிச் சென்றவற்றுள் இத்தகைய கம்பெனிகளின் டகோட்டாக்களும் இருந்தன. 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் இரவுத் தபால் தொடங்கிற்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களினின்றும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியிற் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பும். விமானிக்கு இரவும் உழைக்கும் பொழுதாயிற்று. வேலைக்கு மிஞ்சிய கம்பெனிகள் நட்டத்திற் சிக்கவே, 1953-ஆம் ஆண்டில் சர்க்கார் அவற்றை ஏற்று, உள்நாட்டுக்கொன்றும் வெளிநாட்டுக்கொன்றுமாக இரு கார்ப்பொரேஷன்களை அமைத்தது. விமானி உத்தியோகத்திற்குப் பென்ஷன் போன்ற உறுதி வந்தது அதன் பின்னரே.

இக்காலத்து விதிகளைச் சுருங்கக் கூறுவோம். வர்த்தக விமானி லைசென்ஸிற்குப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும்; 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும்; கண், செவி, இருதயம் யாவும் வைத்திய பரீக்ஷையில் தேறவேண்டும். பெரிய விமானத்தின் தலைவராதற்குரிய லைசென்ஸிற்கோ 1,500 மணி. ஆதலின், லைசென்ஸ் கையில் வந்தவுடன் உத்தியோகம் வந்ததென்று கருதிக் கடன் வாங்கும் தந்தையர், இவ்விரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள வருஷங்களையும் கணக்கிடுதல் நலம்.

சரளா அம்மையார் அடையாத 'பி' லைசென்ஸின் வழி, பெண்டிர்க்கு 1947-ஆம் ஆண்டளவிற் றிறந்தது. பிரேம் மாத்தூர் என்னும் அம்மையார் வர்த்தக லைசென்ஸ் பெற்றும், கம்பெனிகள் பல அவரைப் பெண்ணென்றே மறுத்தன. ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் ஒன்றே ஏற்றது. அவர் 1949-ஆம் ஆண்டில் தேசிய விமானப் பந்தயத்தில் வென்றார். தென்னாட்டில் உஷா சுந்தரம் பெங்களூரை அடுத்த ஜக்கூரிற் பயின்று, தம் கணவர் காப்டன் சுந்தரத்துடன் தேசத் தலைவர்களை ஏற்றிப் பறந்தார். துர்பா பானர்ஜி என்பார் சர்க்கார் விமானத்தில் உபசரணைப் பெண் வேலை தருவதாகக் கூறப்பட்டபோது அதனை மறுத்து, விமானி வேலையே வேண்டுமென்று நின்றார். பின்னர் அதனைப் பெற்று, 1988-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்போது அவர் பறந்திருந்த நேரம் 18,500 மணிக்கு மேற்பட்டிருந்தது.