பெங்காசிக்கு வந்த பதிவேடு

லிபியாவை ஆண்ட கடாஃபிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 2011 மார்ச் தொடக்கத்தில் கிழக்கு லிபியாவின் செல்போன்கள் ஊமையாகின. அதற்காக ஒரு டவரைக்கூடச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. கிழக்கிலுள்ள பெங்காசியிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தலைநகர் திரிபோலியில் ஆட்சியாளர்கள் இணைப்பைத் துண்டித்ததே போதுமானதாக இருந்தது.

செல்போன் வலையமைப்பு என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது டவர். ஆனால் அதை இயக்குவது ஹெச்.எல்.ஆர். என்கிற பதிவேடு, எங்கோ ஓர் அறையில் சர்வராக இருப்பது. போனை ஆன் செய்ததும் சிம்முக்குள் இருக்கும் எண் பக்கத்து டவர் வழியாக, அழைப்புகளை இணைக்கும் சுவிட்சுக்குப் போகிறது. சுவிட்ச் பதிவேட்டிடம் கேட்கிறது: இந்த சிம் யாருடையது, செல்லுமா, என்னென்ன சேவைக்கு அனுமதி? அந்த ஆள் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதும் அங்கேதான் குறிக்கப்படுகிறது. நம்மை யாராவது அழைத்தால் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அழைப்பு நம்மைத் தேடி வரும். பதிவேடு கிடைக்காமல் போனால் டவர் வெறும் இரும்பு.

லிபியாவில் அல்-மதார், 2004-ல் தொடங்கிய லிபியானா இரண்டுமே அரசு நிறுவனங்கள். அவற்றுக்கு மேலிருந்த அமைப்பின் தலைவர் கடாஃபியின் மூத்த மகன் முகமது. பதிவேட்டைத் திரிபோலியில் இருந்ததுபோல் ஒரே இடத்தில் வைப்பது செலவைக் குறைக்கும், பராமரிக்கவும் எளிது. உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் குடும்பமே நாட்டை ஆளும் இடத்தில், அந்த அறையின் சாவி யாரிடம் என்பது தொழில்நுட்பக் கேள்வியாக இருப்பதில்லை.

போர்முனையில் இதன் விலை தெரிந்தது. முன்னேறவும் பின்வாங்கவும் கிளர்ச்சியாளர்கள் கொடியசைத்துச் சைகை காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பிரேகாவுக்கும் அஜ்தாபியாவுக்கும் இடையே நெடும்பாலை. அங்கே கொடி எவ்வளவு தூரம் தெரியும்?

அந்த நாள்களில் நிவாரணப் பணியை முடித்துவிட்டு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார் ஒசாமா அபுஷாகூர். அமெரிக்காவில் வளர்ந்து அபுதாபியில் வேலை பார்த்த லிபியத் தொலைத்தொடர்பு அதிகாரி. அந்தப் பயணத்திலேயே கையிலிருந்த காகிதக் கைக்குட்டையின் பின்பக்கம் திட்டத்தை வரைந்தாராம். திட்டம் மிக எளிமையானது, அதனால்தான் எனக்கு அது பெரிதாகப் படுகிறது: புது டவர் எதுவும் வேண்டாம். இருக்கிற டவர்கள் இருக்கட்டும். அவை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இன்னொரு மூளையைப் பெங்காசியிலேயே வைத்துவிடலாம்.

அந்த மூளை லேசில் வந்து சேரவில்லை. கருவிகளை விற்க ஹுவாவே மறுத்ததாக அன்றைய செய்திகள் சொல்கின்றன. வளைகுடா அரசுகளின் உதவியோடு வேறு வழியில் வாங்கி, மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் பெரும்பகுதியை அமீரகத்தில் சேர்த்தார்கள். பொறியாளர்களும் மெய்க்காவலர்களும் கூடவே வர, எகிப்து வழியாகப் பயணம். எல்லையில் சரக்கு பல நாள் முடங்கியது.

பெங்காசியில் புதுக் கருவிகளைப் பழைய வலையமைப்போடு பொருத்தினார்கள். ஆனால் காலியான பதிவேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லோருக்கும் புது சிம் கொடுக்கப் போர்க்காலத்தில் நேரம் ஏது? எனவே திரிபோலியிலிருந்த எண்களின் தரவுத்தளத்தையே கைப்பற்றினார்கள். கிழக்கில் இருந்தவர்களின் பழைய சிம், பழைய எண் அப்படியே உயிர் பெற்றன. வெளிநாட்டுத் தொடர்புக்கான செயற்கைக்கோள் வழியை எதிசலாத் நிறுவனம் தந்தது. ஏப்ரல் 2 அன்று அபுஷாகூர் அபுதாபியில் இருந்த மனைவியைச் சோதனைக்காக அழைத்தார், மணி அடித்தது. புதிய வலையமைப்புக்கு ‘சுதந்திர லிபியானா’ என்று பெயர் வைத்தார்கள். உள்நாட்டு அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

கடாஃபி ஆட்சி விழுந்த பிறகும் கிழக்கின் தொடர்பு எவ்வளவு மெல்லிய இழையில் நின்றது என்பதைத் தேர்னா காட்டியது. 2023 செப்டம்பரில் டேனியல் புயலில் இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட நகரம் அது. 18-ஆம் தேதி மக்கள் அதிகாரிகளுக்கு எதிராகத் திரண்டார்கள். மறுநாள் அதிகாலை போனும் இணையமும் நின்றன. கண்ணாடி இழைக் கேபிள் அறுந்துவிட்டது என்றது அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனம். வேண்டுமென்றே துண்டித்தார்கள் என்ற சந்தேகமும் கிளம்பியது. காணாமல்போனவர்களை உறவினர் இன்னும் தேடிக்கொண்டிருந்த நேரம். எது உண்மையானாலும், அந்த நகரத்துக்கு இரண்டாவது வழி ஒன்று இருந்திருக்க வேண்டும்.