சாத்தாராவில் ஒரு பந்தி

மராட்டிய மண்ணில் குடியேறி, இங்கேயே நம் மக்களைப் படிக்க வைத்து வரும் நாம், இந்நாட்டு ஏழை மாணவர் விடுதிகளின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்திருத்தல் தகும்.

பள்ளிக்கூடம் நகரில் இருந்தது. சிற்றூர்ப் பிள்ளைக்கு அங்கே தங்க இடமில்லை, உண்ண வழியில்லை. இக்குறையை நன்குணர்ந்தவர் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ். அவர் ஆதரவில் 1901-இல் மராட்டிய மாணவர்க்கும், 1908-இல் தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோர்க்கும் விடுதிகள் எழுந்தன. எனினும் சாதிக்கொரு விடுதி என்பதே அன்றைய முறை.

1908-ஆம் ஆண்டு விடுதித் திறப்பு விழாவுக்குச் சென்று மீண்ட மாணவர் ஒருவர், தாம் தங்கியிருந்த சமண விடுதியில் தீட்டுக் கழிக்க நீராட மறுத்தமையால் வெளியேற்றப்பட்டார் என்பர். அவரே பின்னாளில் 'கர்மவீரர்' எனப் போற்றப்பட்ட பாவூராவ் பாட்டீல். 1919 அக்டோபர் 4-இல் கராடு அருகேயுள்ள காலே என்னும் சிற்றூரில் 'ரயத் சிக்ஷண் சன்ஸ்தா'வைத் தோற்றுவித்தார். ரயத் என்றால் குடியானவர். 1924-இல் அதன் தலைமையிடம் சாத்தாராவுக்கு மாறியது. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒரே கூரை, ஒரே அடுக்களை, ஒரே பந்தி. அதே காலத்தில்தான் நம் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி பற்றிய பூசல் தமிழகத்தையே கலக்கியது என்பதை இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

விடுதி வசதி என்றதும் கட்டடத்தையும் நூலகத்தையும் பேசுகிறோம். அவை வேண்டுவனவே. சாத்தாரா விடுதியிலோ முதற் கவலை அடுத்த வேளை ரொட்டிக்கு மாவு. நன்கொடை திரட்டப் பாவூராவ் ஊர் ஊராய் அலைந்தார். அவர் மனைவி இலட்சுமிபாய் பழைய ஆசாரங்களில் வளர்ந்தவர். அவரே அப்பிள்ளைகள் அனைவர்க்கும் அன்னையானார். தம் நகைகளை ஒவ்வொன்றாய் இழந்தார். கணவர் ஊரில் இல்லாத ஒருநாள் தானியம் தீர்ந்துபோக, கழுத்திலிருந்த கருகமணித் தாலியையும் கொடுத்துப் பிள்ளைகளின் பசி தீர்த்தார் என்று சாத்தாராவில் இன்றும் சொல்லுவர்.

1927-இல் அங்கு வந்த காந்தியடிகள் அவ்விடுதிக்குச் சத்திரபதி சாகுவின் பெயரைச் சூட்டினார். இலவசமாய் உண்பது இழிவென்று பிள்ளைகள் எண்ணாதவாறு, உழைத்துக்கொண்டே கற்கும் முறையைப் பாவூராவ் வகுத்தார். தோட்ட வேலையும் பிற உடலுழைப்பும் பாடத்தோடு சேர்ந்தன. 1935-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும், 1947-இல் சத்திரபதி சிவாஜி கல்லூரியும் சாத்தாராவில் தோன்றின. அவற்றைக் காண இலட்சுமிபாய் இல்லை. 1930-இலேயே அவர் மறைந்துவிட்டார்.