கம்பங்களை உயர்த்திய ஓர் உதை

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் மத்தியஸ்தர்களுக்குரிய கடமைகளுள் பார்வைக்கு மிக எளிதானது 'பீல்ட் கோல்' தீர்ப்பு. நிலத்தில் ஒருவர் நிறுத்திப் பிடிக்கும் பந்தை இன்னொருவர் உதைப்பார். அது 10 அடி உயரக் குறுக்குச் சட்டத்துக்கு மேலாக, இரு கம்பங்களுக்கும் நடுவே சென்றால் 3 புள்ளிகள். கம்பத்தின் கீழ் நிற்பவர் அண்ணாந்து பார்த்துக் கைகளை உயர்த்த வேண்டியதுதான். றக்பி பார்த்துப் பழகிய எம்மவருக்கு இதில் புதுமையில்லை. றக்பியின் வழித்தோன்றல்தானே அது.

இந்த எளிய கடமைதான் 1965 டிசம்பர் 26 அன்று பெரும் சர்ச்சையானது. மேற்குப் பிரிவில் சமநிலையில் இருந்த கிறீன் பே பக்கர்ஸ், பல்ரிமோர் கோல்ட்ஸ் அணிகள் விஸ்கொன்சின் மாநிலத்தின் கிறீன் பே நகரில் மோதின. பல்ரிமோரின் இரு 'குவார்ட்டர்பக்' வீரர்களும் காயமுற்றிருந்தனர். வேறோர் இடத்தில் ஆடும் ரொம் மற்றே, ஆட்டத் திட்டங்களை எழுதிய பட்டியொன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அணியை நடத்தினார். பரீட்சை மண்டபமாயின் வெளியேற்றியிருப்பார்கள்! அப்பட்டி பின்னர் அருங்காட்சியகம் சென்றது.

ஆட்டம் முடிய 2 நிமிடங்கள்கூட இல்லை. பல்ரிமோர் 10-7 என முன்னிலை. கிறீன் பேயின் டொன் சான்ட்லர் 22 கெஜத் தூரத்திலிருந்து உதைத்தார். பந்து கம்பத்தின் உச்சிக்கும் மேலாகப் பறந்தது. சான்ட்லரே, தவறவிட்டவர்போலத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கீழே தனியொருவராக நின்ற ஜிம் ரனி கைகளை உயர்த்தினார். 10-10. மேலதிக நேரத்தில் சான்ட்லரே மீண்டும் உதைத்து 13-10 என வெற்றி தேடித் தந்தார்.

பந்து வெளியே சென்றது என்பதே பல்ரிமோர்காரரின் முடிவு. ரனியோ தன் தீர்ப்பு சரியென்றே பின்னாளிலும் கூறிவந்தார். என் எண்ணத்தில், பிழை அவருடைய கண்ணில் மட்டும் இல்லை. குறுக்குச் சட்டத்துக்கு மேலே கம்பம் எழுந்தது வெறும் 10 அடி. அதற்கும் மேலே வெறும் வானம். ஒற்றை மனிதன் இரு கம்பங்களுக்கும் காவல்.

1966 இல் விதி மாறியது. கம்பங்கள் குறுக்குச் சட்டத்துக்கு மேல் 20 அடியாக உயர்ந்தன, மஞ்சள் பூசப்பட்டன. கம்பத்துக்கு ஒருவராக இரு மத்தியஸ்தர்கள் நிறுத்தப்பட்டனர். முடிவு மட்டும் மாறவில்லை. நேற்றைய பத்திரிகையை மீள அச்சிட முடியாமல் இன்று மூலையில் திருத்தம் போடும் எங்கள் தொழிலில் இதை நான் நன்கறிவேன். அந்த வெற்றியின் வழியே கிறீன் பே அவ்வாண்டுச் சம்பியனாகி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டத்தை வைத்திருந்தது. வின்ஸ் லொம்பார்டியின் பெரும்புகழில் அந்த மூன்றுக்கும் பங்குண்டு.

2012 செப்டெம்பரில் இதே வழக்கு திரும்பி வந்தது. பல்ரிமோர் ரேவன்ஸ் வீரர் ஜஸ்ரின் ரக்கர் கடைசிக் கணத்தில் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலாகவே சென்றது. கோல் எனத் தீர்ப்பாகி 31-30 என முடிந்தது. தோற்ற நியூ இங்கிலாந்துப் பயிற்றுநர் பில் பெலிசிக் மத்தியஸ்தர் ஒருவரின் கையைப் பற்றியதற்காக 50,000 டொலர் தண்டம் செலுத்தினார். 2014 இல் கம்பங்கள் 30 அடியிலிருந்து 35 அடியாயின. அதற்கும் மேலே செல்லும் பந்தைக் காணொளி கொண்டு மீளாய்வு செய்ய விதியில் இடமில்லை. அது கீழே நிற்கும் இருவரின் கண்களுக்கே விடப்பட்டுள்ளது.