வாலை தந்த வரமும் சாபமும்

நீரும் நெருப்பும் பகை என்பது உலக வழக்கு. ஆயினும் அவ்விரண்டையும் ஒரே கலத்தில் இணைத்துப் பணிகொண்ட மனித அறிவின் விளைவே காய்ச்சி வடித்தல் என்னும் கலையாகும். தமிழ் மருத்துவர்கள் அக்கலத்தை ‘வாலை’ என்றனர். அதில் வடித்தெடுத்த மருந்தைத் ‘தீநீர்’ என்றனர். தீயும் நீரும் ஒரே சொல்லில் கைகோத்து நிற்கும் அழகு எண்ணி மகிழத்தக்கது. வயிற்றுப் பொருமலால் அழும் குழந்தைக்குத் தாய் புகட்டும் ஓமத் தீநீர் அக்கலை தந்த எளிய பரிசு. அதே கலையின் வழிவந்த வேறொரு நீரால் கண்ணொளி இழந்தோரும் உயிர் துறந்தோரும் பல்லாயிரவர். வரமும் சாபமும் ஒரே குழாயில் வடிந்த வரலாறு அறியத்தக்கது.

வாலையின் இயக்கம் எளியது. ஒவ்வொரு நீர்மமும் கொதிக்கும் வெப்பநிலை வெவ்வேறாகும். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. சாராயத்தின் சத்தாகிய எத்தனால் 78 பாகையிலேயே கொதிக்கிறது. இரண்டும் கலந்த கலவையைச் சூடேற்றினால் எழுகின்ற ஆவியில் எத்தனாலே மிகுந்திருக்கும். அவ்வாவியைக் குளிர்ந்த குழாயின் வழியே செலுத்தினால் அது மீண்டும் நீர்மமாகித் துளித்துளியாக வடியும். வடித்ததை மறுபடியும் வடித்தால் செறிவு மிகும். எனினும் எத்தனை முறை வடித்தாலும் எடையில் நூற்றுக்குச் சுமார் 96 பங்குக்கு மேல் அது ஏறுவதில்லை. எஞ்சிய நீர் எத்தனாலை விட்டுப் பிரியாமல் உடன் ஆவியாகிவிடும். கடல்நீர் ஞாயிற்றின் வெப்பத்தால் ஆவியாகி, உப்பைக் கீழே விட்டு, மேகமாய்த் திரண்டு, நன்னீர் மழையாய்ப் பொழிவதும் இதே முறைதான். மனிதன் வானத்தின் தொழிலைக் கலத்துக்குள் அடக்கினான் எனில் மிகையன்று.

இக்கலையின் தொன்மையான சான்றுகள் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரைச் சுட்டுகின்றன. அங்கு வாழ்ந்த மரியா என்னும் யூதப் பெண்மணி வடிகலங்கள் பலவற்றை அமைத்தார் என்று கி.பி. 300 ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த சோசிமஸ் குறித்துள்ளார். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி என்னும் அரபு அறிஞர் நறுமணப் பொருள்களை வடித்தெடுக்கும் முறைகளை நூலாக எழுதினார். ‘அரக்’ என்னும் அரபுச் சொல்லுக்கு வியர்வை என்பது பொருள். கலத்தின் மூடியில் முத்து முத்தாகத் துளிர்த்த ஆவியைக் கண்டு இட்ட பெயர் அது. மலாய் மொழியில் மதுவைக் குறிக்கும் ‘அராக்’ என்னும் சொல் அதன் வழிவந்ததே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இக்கலை இத்தாலி நாட்டு மருத்துவர்களிடம் பரவியது. அவர்கள் வடித்த சாராயத்தை ‘உயிர்நீர்’ என்று போற்றி, மருந்தாகவே துளிக் கணக்கில் அளந்து கொடுத்தனர்.

மருந்துச் சாலையில் பிறந்த கலத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றவர்களுள் ஈனியஸ் காஃபி குறிப்பிடத்தக்கவர். அயர்லாந்தில் சுங்கவரி அதிகாரியாக இருந்த அவர், இடையறாது வடித்துக்கொண்டே இருக்கும் உயர்ந்த கோபுரக் கலத்துக்கு 1830 இல் காப்புரிமை பெற்றார். பின்னர் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் கோபுரங்களே நிமிர்ந்து நின்றன. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை கொதிநிலை வேறுபாட்டாலேயே பிரிக்கப்படுகின்றன. ஜெர்மானியப் பொறியியலாளர் கார்ல் ஃபான் லிண்டே 1895 இல் காற்றையே குளிர்வித்து நீர்மமாக்கினார்; அதனை வடித்து 1902 இல் உயிர்வளியைப் பிரித்தெடுத்தார். மருத்துவமனைகளில் மூச்சுத் திணறும் நோயாளியின் உயிர் காக்கும் உயிர்வளி பெரும்பாலும் இம்முறையில் கிடைப்பதே. இவை யாவும் வாலை தந்த வரங்கள்.

இனிச் சாபத்தின் வரலாறு. 1661 இல் ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் மரத்தைக் காற்றுப் புகாத கலத்திலிட்டுச் சூடேற்றி வடித்த நீர்மத்திலிருந்து ஒரு புதிய சாராயத்தைப் பிரித்தார். மரச்சாராயம் எனப்பட்ட அதுவே மெத்தனால். நிறத்தாலும் மணத்தாலும் அதனை எத்தனாலிலிருந்து பிரித்தறிதல் அரிது; குணத்தாலோ அது நஞ்சு. அந்த நஞ்சையே அரசுகள் கருவியாக்கின. சாயம், மெருகு முதலிய தொழில்களுக்கு வரியில்லாத சாராயம் வேண்டியிருந்தது. அதனை எவரும் குடித்துவிடாதிருக்க, 1855 இல் இங்கிலாந்து அரசு அதில் மரச்சாராயம் கலந்து விற்கச் சட்டம் இயற்றியது. வருவாயைக் காத்த அச்சட்டம் வறியோரைக் காக்கவில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பிலிருந்தபோது, 1926 இன் இறுதியில், தொழிற்சாலைச் சாராயத்தில் மெத்தனாலின் அளவு மேலும் கூட்டப்பட்டது. மாண்டோர் பலர். நியூயார்க் நகரின் தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நாரிஸ் இச்செயலை வெளிப்படையாகக் கண்டித்தார். நஞ்சென்று தெரிந்தும் குடிப்போர் குடிக்கத்தான் செய்வர் என்பதை அறிந்தே கலப்பது அறமாகுமா என்பதே அவர் வினாவின் சாரம். 1923 இல் ஜெர்மனியில் மரமின்றியே மெத்தனாலைத் தொகுப்பு முறையில் மலிவாகப் பெருமளவில் ஆக்கும் வழி பிறந்தபின் அந்த நஞ்சு உலகெங்கும் எளிதில் கிடைக்கும் சரக்காயிற்று.

மலாயாத் தமிழரின் வாழ்வில் முதலில் நுழைந்தது வடித்த சாராயம் அன்று, கள். தென்னங்கள் வாலையை அறியாதது, தானே புளிப்பது, அதில் எத்தனால் நூற்றுக்குச் சில பங்கே, ஓரிரு நாளில் காடியாக மாறிவிடுவது. ஆயினும் அரசின் உரிமத்தோடு தோட்டந்தோறும் நடந்த கள்ளுக்கடைகள் பால்மரக் காட்டில் வியர்வை சிந்திப் பெற்ற கூலியை மாலைக்குள் விழுங்கின. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947 இல் பீடோங் வட்டாரத்தில் காவல் துறையினரோடு ஏற்பட்ட மோதல்களில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. கூலி உயர்வு கேட்டு மட்டுமன்று, குடியின் பிடியிலிருந்து விடுதலை கேட்டும் தோட்டத் தமிழர் போராடினர் என்பதை வரலாறு மறக்கலாகாது.

கள்ளின் இடத்தைப் பின்னர்ப் பெரிதும் பற்றிக்கொண்டது சம்சு. அது வாலையில் பிறந்தது, கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையானது, கெடாமல் நிற்பது, சிறு போத்தலில் மறைத்துக் கொண்டு செல்ல ஏற்றது. கள்ளச் சாராயத்தில் உயிர்ச்சேதம் நிகழும்போதெல்லாம் ‘சரியாகக் காய்ச்சவில்லை’ என்று மக்கள் கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. அரிசியையோ வெல்லத்தையோ புளிக்கவைத்து வடிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிது. கூட்டங்கூட்டமாக மக்கள் மாண்ட நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலே இலாபத்துக்காகக் கலக்கப்பட்டிருந்தது. எனவே அது கைப்பிழையால் நேர்ந்த விபத்தன்று. பேராசையால் விளைந்த கொலை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சு மது அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைப்புத் தேடிவந்த அயல்நாட்டுத் தொழிலாளரும் அவர்களுள் பலர். 2024 சூன் திங்களில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு வேறு, நஞ்சு ஒன்றே. மாண்டோரின் வறுமையும் ஒன்றே.

மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பின்னரே கேடு தொடங்குகிறது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். பார்வை மங்குதல், வயிற்று வலி, மூச்சிரைப்பு ஆகியன அடையாளங்கள். வெறும் போதையின் மயக்கம் என்றெண்ணிப் படுக்கவைக்கப்பட்டோர் பலர் எழவேயில்லை. விரைந்து மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்தும் குருதிச் சுத்திகரிப்பும் உயிரையும் கண்ணையும் காக்க வல்லவை. வியப்பு யாதெனில், மருத்துவர் அளந்து செலுத்தும் தூய எத்தனாலே இந்நஞ்சுக்கு ஒரு முறிமருந்தாகும். கல்லீரல் எத்தனாலை முதலில் ஏற்று மெத்தனாலைக் காக்கவைப்பதால், அது நஞ்சாக மாறுமுன்னரே அகற்ற நேரம் கிடைக்கிறது. உயிர்நீர் என்று இத்தாலிய மருத்துவர் இட்ட பெயர் இவ்வொரு நிலையில் மெய்யாகிறது.

வாலைக்கு நன்மை தீமை தெரியாது. கொதிநிலை அறிந்து பொருள்களைப் பிரித்துத் தருவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. எஞ்சிய பணி மனிதனுடையது. மெத்தனால் விற்கும் இடத்திலேயே கணக்கும் காவலும் வேண்டும். நஞ்சருந்தியவன் வழக்குக்கு அஞ்சாமல் மருத்துவமனைக்கு வரும் சூழல் வேண்டும். போத்தலில் ஆறுதல் தேடும் உழைப்பாளிக்கு வேறு ஆறுதல் வாழ்வில் கிடைத்தல் வேண்டும். இம்மூன்றும் வாய்க்கும் நாளில் வாலை தந்த சாபம் நீங்கும். வரம் மட்டுமே எஞ்சும்.