நம் பெயரில் ஏறிய கடன்

1875-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், புணே மாவட்டத்துச் சூப்பா என்னும் சந்தை ஊரில் சுற்றுப்புறக் குடியானவர்கள் பெருந்திரளாகக் கூடினர். வட்டிக்குப் பணம் கொடுத்து வந்த சாவுகார்களை வளைத்துக்கொண்டு, அவர்களுடைய கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் கேட்டனர். கைக்குக் கிட்டிய ஏடுகளையெல்லாம் தீக்கிரையாக்கினர். தானியக் கடைகள் சூறையாடப்பட்டன; சில வீடுகளும் எரிந்தன. அடுத்த இரண்டு திங்களில் இக்கலகம் புணே, அகமதுநகர் மாவட்டங்களில் முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிற்று. வரலாற்றாசிரியர் இதனைத் தக்காணக் கலகம் என்பர்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இப்பழங்கதையால் ஆவது என்ன என்று நேயர்கள் வினவக்கூடும். தாம் வாங்கியறியாத கடன் ஒன்று, தாம் கேட்டறியாத நிறுவனத்தின் பெயரால், தம்முடைய கடன் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கக் கண்டு இன்று திகைப்பவர் உண்டு. வீட்டுக் கடனுக்கு மனுச் செய்து, அது மறுக்கப்பட்ட பிறகே அவர்களுள் பலர் இச்செய்தியை அறிகின்றனர். அத்திகைப்புக்கும் சூப்பாவில் எழுந்த தீக்கும் உள்ள உறவைச் சற்று ஆராய்வோம்.

கலகத்தின் காரணங்கள் பல. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரினால் நம் நாட்டுப் பருத்திக்குக் கிராக்கி ஏறிற்று. சாவுகார்களும் தாராளமாகக் கடன் கொடுத்தனர். போர் முடிந்ததும் விலை சரிந்தது. அதே காலத்தில் நிலவரியும் உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் பாடப் புத்தகங்களிலேயே காணக் கிடைப்பவை. நாம் உற்றுநோக்க வேண்டியது வேறொன்று. குடியானவர்கள் ஏன் காகிதத்தின் மீது அவ்வளவு சினங்கொண்டனர்?

விடை 1859-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. கடன் பத்திரம் மூன்று ஆண்டுக்குமேல் செல்லாது என்று அச்சட்டம் விதித்தது. வட்டி நெடுங்காலம் குவியாமல் கடனாளியைக் காப்பதே அதன் நோக்கம். நடந்ததோ நேர்மாறு. மூன்றாண்டு முடியுந்தோறும் சாவுகார் புதிய பத்திரம் எழுதி வாங்கலானார். பழைய முதலும் வட்டியும் ஒன்றாகி, புதிய பத்திரத்தில் முதலாயின. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு ஆண்டு வட்டி 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரே பத்திரத்தில் ஒன்பது ஆண்டு கழித்துக் கடன் 325 ரூபாய் ஆகும். மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்திரத்தைப் புதுப்பித்தாலோ 175, பிறகு 306, ஒன்பதாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 536 என்று அது வளரும். இவ்வளவுக்கும் குடியானவன் கையில் மேற்கொண்டு ஒரு தம்பிடியும் விழுந்திராது. கடனாளியைக் காக்க இயற்றிய சட்டமே அவனைக் கட்டும் கயிறாயிற்று.

இதனோடு வேறு கொடுமைகளும் சேர்ந்தன. கட்டிய பணத்துக்கு ரசீது கொடுப்பதில்லை. வாங்காத தொகை பத்திரத்தில் ஏறும். என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்க இயலாதவன் அதன் அடியில் கைநாட்டு வைப்பான். கலகத்தை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணைக்குழு ஆராய்ந்த வழக்குகளுள் ஒன்றில், நூறு ரூபாய்க் கடனுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வட்டி கணக்கிடப்பட்டிருந்தது. அக்கடனில் எவ்வளவு தான் வாங்கியது, எவ்வளவு எழுத்தாணி ஈன்றது என்று அந்த மனிதனால் எங்ஙனம் கூற முடியும்? அவன் பெயரில்தான் கடன் இருந்தது. ஆனால் அக்கடனை அவன் அறியான்.

ஆணைக்குழுவின் அறிக்கை 1878-இல் ஆங்கில நாடாளுமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. மறு ஆண்டே தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. புணே, சத்தாரா, சோலாப்பூர், அகமதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு ஏற்பட்ட அச்சட்டம் அந்நாளைய நீதிமுறையில் ஒரு புதுமையைச் செய்தது. பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பது அதுவரை வழக்கம். இனி அவ்வாறு கூடாது. கடன் தொடங்கிய நாளிலிருந்து கொடுக்கல் வாங்கலின் வரலாறு முழுவதையும் நீதிபதி விசாரிக்க வேண்டும். இடையில் கணக்கை முடித்துப் புதுப் பத்திரம் எழுதியிருந்தாலும் அதற்குப் பின்னால் சென்று பார்க்க வேண்டும். பணம் கட்டினால் ரசீது, ஆண்டுதோறும் கணக்கு விவரம், கேட்டால் பற்று வரவுப் புத்தகம் ஆகியவற்றைக் கடன் கொடுத்தவர் தர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. கிராமப் பதிவாளர் முன்னிலையில் பத்திரம் எழுதும் ஏற்பாடும் வந்தது.

இச்சட்டத்தால் கடன் தொல்லை ஒழிந்ததென்று கூறுவதற்கில்லை. கடன் பத்திரத்துக்குப் பதிலாக நிலத்தை விற்றதுபோல் கிரயப் பத்திரம் எழுதி வாங்கிச் சட்டத்தைத் தாண்டிச் சென்றவர் பலர். ஆயினும், ‘இந்தத் தொகை எப்படி வந்தது, கணக்கைக் காட்டு’ என்று கேட்கும் உரிமையைக் கடனாளிக்கு அது அளித்தது. சூப்பாவில் தீயிட்டுக் கேட்ட கேள்வியை நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றாயிற்று. அச்சட்டத்தின் ஏனைய விதிகளைக் காட்டிலும் இதனையே பெரிதெனக் கருதுகிறோம்.

இவ்வுரிமை பிற மாகாணங்களுக்கும் சென்றது. 1930-ஆம் ஆண்டுப் பஞ்சாப் கணக்கு ஒழுங்குமுறைச் சட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடனாளிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்றது. அனுப்பாதவருக்கு நீதிமன்றம் வட்டியை மறுக்கலாம். இராஜாஜி அமைச்சரவையின் காலத்தில் 1938-இல் வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் இவ்வழியதே. எத்தனை முறை புரோநோட்டுப் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும் முதன்முதல் கைமாறிய தொகையே முதல் என்று அது கொண்டது. வட்டியும் முதலுமாக அத்தொகையைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் முழுதும் தீர்ந்ததாக வைத்தது. நம் பாட்டனார் காலத்தில் தஞ்சையிலும் கோவையிலும் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களில் இச்சட்டத்தின் பெயர் வழங்கியது.

நாடு விடுதலை பெற்றபின் கடன் கொடுப்பவர் மெல்ல மாறினார். 1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. பிறகு தனியார் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெருகின. கடன் கொடுப்பவர் மாறவே கணக்குப் புத்தகமும் இடம் பெயர்ந்தது. சாவுகாரின் ஏட்டில் என்ன இருந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அடுத்த ஊர்ச் சாவுகாருக்குத் தெரியாது. யார் எங்கே எவ்வளவு கடன் பட்டிருக்கிறார் என்பதை எல்லா வங்கிகளும் அறியும் பொருட்டுப் பொதுப் பேரேடு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 2000-இல் சிபில் என்னும் கடன் தகவல் நிறுவனம் தோன்றிற்று. 2005-இல் இயற்றப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹை மார்க் ஆகியவையும் சேர்ந்து நான்கு நிறுவனங்களாயின. 2015-இல் ரிசர்வ் வங்கி இட்ட ஆணைப்படி, கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இந்நான்கிலும் உறுப்பினராகித் தகவல் தர வேண்டும். ஆகவே ஓரிடத்தில் நேர்ந்த பிழை நான்கு பேரேடுகளிலும் ஏறக்கூடும்.

அறியாத கடன் இப்பேரேட்டில் எப்படி நுழைகிறது? முதலில், அறிந்த கடனே அறியாத பெயரில் வருவதுண்டு. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வங்கிகள் தம் வராக்கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்க வழிசெய்தது. பழைய கடன் அட்டையில் நின்ற சிறுதொகை அவ்வாறு கைமாறினால், அறிக்கையில் வங்கியின் பெயர் மறைந்து நாம் கேள்விப்பட்டிராத பெயர் நிற்கும். ஊர் விட்டு ஊர் மாறி வாடகை வீடுகளில் வாழும் நமக்கு இவ்விடர் மிகுதி. அறிவிப்புக் கடிதம் சென்ற ஆண்டு குடியிருந்த வீட்டுக்குப் போயிருக்கும். ஊர்க்காரர் என்ற அன்பினால் போட்டுக் கொடுத்த ஜாமீன் கையெழுத்தும் நம் அறிக்கையிலேயே கடனாக நிற்கும். கையெழுத்திட்டதை மறந்தவர்க்கு அது புதுக் கடனாகவே தோன்றும்.

நம்முடைய பெயர் முறையும் ஒரு தனிச் சங்கடத்தை விளைவிக்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதுவது நம் வழக்கம். குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களுள் ஒன்றில் தந்தை பெயர் பின்னே சேரும்; மற்றொன்றில் முதலெழுத்து விரியாமலே நிற்கும்; பிறிதொன்றில் ஊர்ப் பெயரும் ஏறிவிடும். ஒருவரே மூவராகவும், ஒரே பெயருடைய இருவர் ஒருவராகவும் பேரேட்டில் மயங்க இஃது இடந்தருகிறது. பிறந்த நாளும் பான் எண்ணும் எல்லா இடத்திலும் ஒத்திருப்பின் இம்மயக்கம் குறையும். ஆனால் அந்த எண்ணே களவு போவதும் உண்டு. 2022 பிப்ரவரியில், தம் பான் எண்ணைக் காட்டி வேறு யாரோ கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் பெற்றிருக்கின்றனர் என்று பலர் வெளிப்படையாக முறையிட்டனர். அன்று கைநாட்டு வைத்தவன் ஏதோ ஒரு பத்திரத்தையாவது கண்ணால் கண்டான். இவர்கள் அதனையும் காணவில்லை.

இனி, மூன்றாண்டுக் கதை மீண்டும் வருகிறது. இன்று நடைமுறையிலுள்ள 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, ஈடு வைக்காத சாதாரணக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலம் மூன்று ஆண்டு. அக்காலத்துக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதனைக் கையெழுத்தால் பதிந்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு தொடங்கும். காலங்கடந்த கடனையும் திருப்பித் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டால் அவ்வுறுதி செல்லும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. ஆகவே வசூலுக்கு வருபவர், ‘ஓர் ஆயிரமாவது இப்பொழுது கட்டிவிடுங்கள், இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், பெயரை எடுத்துவிடுகிறோம்’ என்று கனிவாகக் கூறும்போது சூப்பாவின் சாவுகாரை நாம் நினைவு கூர்தல் நலம். கடன் யாருடையது, எந்நாளில் எவ்வளவு கொடுக்கப்பட்டது, யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று எழுத்தில் விடை வரும்வரை காசும் கையொப்பமும் தர வேண்டியதில்லை. வசூல் முகவர் தம் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்று 2008-இலும், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பணம் கேட்டு அழைக்கலாகாது என்று 2022-இலும் ரிசர்வ் வங்கி விதித்தது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது. வழக்குக்குரிய காலம் கடந்தாலும் பதிவு உடனே மறைவதில்லை. கடன் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

பதிவு பிழையாயின் அதனைத் திருத்தக் கோரும் உரிமையை 2005-ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருக்கிறது. கடன் தகவல் நிறுவனம் தானாக ஓர் எழுத்தையும் மாற்றாது. கடன் கொடுத்ததாகக் கூறும் நிறுவனத்தைக் கேட்டே திருத்தும். ஆதலின் இருவருக்குமே எழுதுவது தக்கது. நம் பெயரில் மோசடியாகக் கடன் பெறப்பட்டிருப்பின், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் படியையும் இணைக்கலாம். முறையீட்டை முப்பது நாளில் தீர்க்க வேண்டும். இவ்விதி பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே நின்றது என்று சொல்லலாம். தாமதத்துக்காக முறையிட்டவருக்கு ஈட்டுத்தொகை ஒன்றும் இல்லை. 2024 ஏப்ரல் முதல் நிலை மாறிற்று. முப்பது நாளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் முறையிட்டவருக்கு நூறு ரூபாய் ஈட்டுத்தொகை தர வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளில் திருத்திய தகவலை அனுப்பவில்லையெனில் அத்தொகை அதன் தலையில் விழும். அது அனுப்பியும் பேரேடு திருந்தவில்லையெனில் கடன் தகவல் நிறுவனம் தர வேண்டும். பேரேடு வைத்திருப்பவர்மீதே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடும் வாய்ப்பு 2022 செப்டம்பரில் ஏற்பட்டது.

2017 முதல், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை தம் முழு அறிக்கையை நான்கு நிறுவனங்களிடமிருந்தும் கட்டணமின்றிப் பெறலாம். நான்கையும் ஒரே நாளில் வாங்கிவிடாமல் மூன்று திங்களுக்கு ஒன்றாகக் கேட்டால் ஆண்டு முழுவதும் நம் கணக்கை நாமே பார்த்துவர இயலும். 1879-ஆம் ஆண்டுச் சட்டப்படி தக்காணத்துக் குடியானவனும் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பெற உரியவனாயிருந்தான். இன்று நாம் கேட்டால்தான் வருகிறது. முதல் விண்ணப்பத்தில் இப்போதைய முகவரியையும், பான் அட்டையில் உள்ளபடியே பெயரையும் எழுதுவது நன்று.