தகப்பனாரின் ஊர்கள்

உ. வே. சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்' ஒரு குரு-சிஷ்ய விருத்தாந்தமாகவே படிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதன் முற்பகுதியில் வேறொரு சரித்திரமும் இருக்கிறது. நடுவயது மனிதர் ஒருவரின் சகவாசங்களை அவருடைய மகனின் படிப்பு தீர்மானித்த சரித்திரம் அது.

தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். கனம் கிருஷ்ணையரின் சிஷ்யர். இராமாயணப் பிரசங்கம் செய்து, ஊரார் அளித்த நெல்லிலும் பணத்திலும் ஜீவித்தவர். இப்படிப்பட்டவருக்கு ஊர் மாறுவது புதிதல்ல. ஆனால் 1860களில் அவர் எதை உத்தேசித்து மாறினார் என்பதுதான் விஷயம். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று, ஒவ்வொரு ஊரிலும் பையனுக்குத் தமிழ்ப் பாடம் சொல்ல ஒருவர் இருந்தார். ஊரார் கேட்க வந்தது இவருடைய பாட்டை. இவர் தேடிப்போனது மகனுக்கு ஆசிரியரை. பாட்டு ஒரு செலாவணியாகிவிட்டது.

பிள்ளை பெற்றவன் வீட்டோடு முடங்கிப்போகிறான் என்பது மாதச் சம்பளக்காரனின் அநுபவம். வேங்கடசுப்பையரை அதே பொறுப்பு வீட்டைவிட்டு வெளியே தள்ளியது. மனிதர்களைத் தேடிக் கொடுத்தது. ஆனால் 'பையனின் தகப்பனார்' என்ற ஸ்தானத்தில்தான் அவர்களிடையே நிறுத்தியது.

1871இல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனை ஒப்படைத்தார். அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இவருக்குப் பழக்கமானவர். இவருடைய சங்கீத உலகத்தைச் சேர்ந்தவர். அவரிடம் பையன் இசையும் கற்கட்டும் என்று விரும்பினார். தம்முடைய உலகத்திலிருந்து மகனுக்கென்று அவர் எடுத்துவைத்த பங்கு இது. மகாவித்வானுக்கு அதில் பிரியமில்லை என்று தெரிந்ததும் பையன் அந்தப் பாடத்தை நிறுத்திக்கொண்டான். இட்ட பெயரும் மாறிற்று. வேங்கடராமன் என்பது ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் வழங்கிய 'சாமா' வழியே சாமிநாதன் நிலைத்தது.

சீவகசிந்தாமணி 1887இல் அச்சேறியது. தமிழுக்குக் கிடைத்த லாபத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் ஏடு தந்த மடங்களையும் பொருள் தந்த பிரபுக்களையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஊர் ஊராய்ப் பாடி முதல் போட்டவரின் பெயர் அதில் வருவதில்லை. அவருடைய சங்கீதம் மகனிடம் வேறு விதமாகத் திரும்பி வந்தது: கனம் கிருஷ்ணையரைப் பற்றியும் கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றியும் பிற்காலத்தில் அவர் நூல்கள் எழுதினார். தகப்பனார் ஆசைப்பட்டதோ பாட்டுக்கு.