பெஞ்ச்ல இருக்கிற பிளேயருக்கு என்ன விலை? ஐபிஎல் டிரேடை எடைபோட 5 கேள்விகள்!

போடிநாயக்கனூர்க்காரங்களுக்கு 'ஏலம்'னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு காய், இன்னொண்ணு அதை விக்கிற இடம். ஸ்பைசஸ் போர்டோட இ-ஏலத்துல வியாபாரிகள் முழு மூட்டையையும் பிரிச்சுப் பார்க்கறதில்ல. கைக்கு வர்ற சாம்பிள்ல நிறம், பருமன், எடை பார்த்துட்டு விலை கேட்பாங்க. கிரிக்கெட்ல ஒரு பேக்கப் பிளேயரை டிரேடு பண்றதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். என்ன, இங்கே சாம்பிள் ரொம்பக் கம்மி!

2025 நவம்பர்ல சஞ்சு சாம்சன் 18 கோடிக்கு சிஎஸ்கே வந்ததும், ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் போனதும் எல்லாருக்கும் தெரியும். ஸ்டார்களுக்கு விலை சொல்றது ஈஸி. பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படிச் சொல்றது? அடுத்த டிரேடு நியூஸ் வரும்போது இந்த 5 கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

முதல்ல, டிரேடுன்னா என்ன?

ஏலத்துக்கு வெளியே ரெண்டு அணிகள் நேரடியாப் பேசி வீரரை மாத்திக்கிறதுதான் டிரேடு. ஆளுக்கு ஆள் மாத்திக்கலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம். வீரரோட சம்மதம் கட்டாயம். அவரோட சம்பளம் புது அணியோட பர்ஸ்ல கழியும்.

1. ஏன் பெஞ்ச்ல இருக்கார்?

சரியா ஆடலைன்னு உட்கார்றது வேற, முன்னாடி ஒரு மலை நிக்குதுன்னு உட்கார்றது வேற. நம்ம கோயம்புத்தூர் ஜெகதீசனையே எடுத்துக்கோங்க. சிஎஸ்கேல அவருக்கு முன்னாடி நின்னது தோனி! அங்கே அவருக்குக் கிடைச்சது மொத்தமே 7 மேட்ச். அவரோட திறமைக்கு அதை அளவுகோலா வைக்க முடியுமா?

2. வேற எங்கே ஆடியிருக்கார்?

ஐபிஎல்ல சாம்பிள் இல்லைன்னா ரஞ்சி, விஜய் ஹசாரே, டிஎன்பிஎல், சர்வதேச டி20னு தேடணும். 2022 நவம்பர்ல 20 லட்ச ரூபா ஜெகதீசனை சிஎஸ்கே ரிலீஸ் பண்ணுச்சு. சில நாள்லயே விஜய் ஹசாரே டிராபியில அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிரா 277 ரன் அடிச்சார். லிஸ்ட் ஏ கிரிக்கெட்ல உலக சாதனை, தொடர்ச்சியா அஞ்சாவது சதம். அடுத்த மாசமே மினி ஏலத்துல கேகேஆர் 90 லட்சத்துக்கு எடுத்துச்சு. ரிலீஸ் பண்ணின அணிக்கு இதுல ஒரு பைசா வராது. டிரேடு பண்ணியிருந்தா பதிலுக்கு ஏதாவது கிடைச்சிருக்கும்.

ஆனா எதிரணி யாருன்னும் பார்க்கணும். அருணாச்சல் பௌலிங்கும் ஐபிஎல் பௌலிங்கும் ஒண்ணு இல்ல. ரன்னை மட்டும் பார்த்து விலை ஏத்துனா கையைச் சுட்டுக்குவீங்க.

3. வாங்குறவங்களுக்கு எவ்வளவு அவசரம்?

பேக்கப்போட விலையை ஏத்துறது பல நேரம் அவரோட ஆட்டம் இல்ல, எதிர் அணியில இருக்கிற ஓட்டை! கீப்பரோ ஓப்பனரோ இல்லாத அணிக்குத்தான் அவர் தங்கம். ஏற்கெனவே ரெண்டு கீப்பர் இருக்கிற அணிக்கு அவர் இன்னொரு சம்பளச் செலவு, அவ்வளவுதான்.

4. எந்த இடத்தை அடைச்சுக்கிறார்?

ஒரு அணியில அதிகபட்சம் 25 பேர், அதுல வெளிநாட்டவர் 8 பேர்தான். ஆடும் லெவன்ல வெளிநாட்டவர் 4 பேருக்கு மேல் கிடையாது. அதனால வெளிநாட்டு பேக்கப்புக்கு சம்பளம் கம்மியா இருந்தாலும், அந்த 8 சீட்ல ஒண்ணு போயிடும். அந்த சீட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

5. இன்னும் எவ்வளவு காலம் கையில இருப்பார்?

ஏலக்காயை ரொம்ப நாள் வெச்சிருந்தா பச்சை மங்கும், விலையும் இறங்கும். பெஞ்ச் பிளேயரும் அப்படித்தான். மெகா ஏலம் நெருங்க நெருங்க, 'ஏலத்துலயே பார்த்துக்கலாமே'ன்னு மத்த அணிகள் பேரம் பேசும்.

அமெரிக்க ஃபுட்பால்ல இதுக்கு செம உதாரணம் இருக்கு. அங்கே ஆட்டத்தையே நடத்துறவர் குவாட்டர்பேக். ஜாம்பவான் டாம் பிரேடிக்குப் பின்னாடி மூணு வருஷத்துக்கு மேல காத்திருந்தவர் ஜிம்மி கரோபோலோ. ஒப்பந்தம் முடிய சில மாசமே இருந்த நிலையில, 2017 அக்டோபர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு டிரேடு ஆனார். பழைய அணிக்கு பதிலுக்குக் கிடைச்சது, அடுத்த வருஷ டிராஃப்ட்ல ரெண்டாவது சுற்றுத் தேர்வு ஒண்ணு மட்டும்தான். அவரோ அந்த சீசன்ல புது அணிக்காக ஸ்டார்ட் பண்ணின 5 மேட்ச்லயும் ஜெயிச்சுக் கொடுத்தார்!

கணக்கு சரியா வந்த கதை

ஆப்கானிஸ்தான் கீப்பர் குர்பாஸ் 2022-ல குஜராத் அணியில இருந்தார், ஒரு மேட்ச்கூட ஆடலை. ஆனா நாட்டுக்காக டி20ல ஓப்பனிங் இறங்கின அனுபவம் இருந்தது. கேகேஆர் அவரை டிரேடு பண்ணி எடுத்துச்சு. சம்பளம் 50 லட்சம். 2023-ல 11 மேட்ச் ஆடினார். 2024-ல ஃபில் சால்ட் வந்ததும் திரும்பவும் பெஞ்ச். பிளே-ஆஃப் நேரத்துல சால்ட் இங்கிலாந்து அணிக்காகக் கிளம்ப, குர்பாஸ் உள்ளே வந்தார். சென்னையில நடந்த ஃபைனல்ல 39 ரன் அடிச்சார், கேகேஆர் சாம்பியன். அடுத்த மெகா ஏலத்துல அவரோட விலை 2 கோடி.

அதாவது, பேக்கப்புக்குக் கொடுக்கிறது ஒரு இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. வருஷம் முழுக்க வீண்செலவாத் தெரியும். தேவைப்படுற அந்த ஒரு வாரத்துல மொத்தமும் திரும்ப வந்துடும்.

வீரர் பக்கத்துல இருந்து பார்த்தா?

பெரிய அணியோட பெஞ்சா, சின்ன அணியோட லெவனா? நம்ம ஊர் டோர்னமென்ட்ல பன்னிரண்டாவது ஆளா நிக்கிற தம்பிக்கும் இதே கேள்விதான். 25 வயசுல ரெண்டு சீசன் ஆடாம இருந்தா, காட்டறதுக்கு சாம்பிளே இருக்காது. அதனால டிரேடு ஆகுறதை அவமானமா நினைக்க வேண்டாம், அங்கே எத்தனை மேட்ச் கிடைக்கும்னு மட்டும் பாருங்க. ஜெகதீசனுக்கும் கதவு மூடிடலை. 2025 ஜூலையில ரிஷப் பண்ட் காயமானதும், ஓவல் டெஸ்ட்டுக்கான இந்திய அணிக்குக் கூப்பிட்டது அவரைத்தான். அதுவும் பேக்கப்பாதான்!